ஆள் எப்படி?

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரையுள்ள எங்கள் கரையோரத்தில், "எனக்கு இங்கிலிஷ் தெரியாது" என்று சொல்லும் சகோதரிகளும் நாள் முழுவதும் ஆங்கிலச் சொற்களோடுதான் புழங்குகிறார்கள். கிளினிக், டோக்கன், ஃபோம், லோன், மீட்டிங், சைன், ரிப்போட் எல்லாம் எங்கள் வாயில் சாதாரணமாக வருகின்றன. ஆனால் அந்த ஃபோமுக்குள், அந்த ரிப்போட்டுக்குள் எங்களைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரிவதில்லை. யாரோ ஒருவர் எங்களைப் பார்க்கிறார். பார்த்ததை ஆங்கிலத்தில் எழுதுகிறார். கீழே நாங்கள் கையெழுத்து வைக்கிறோம், அல்லது பெருவிரலை வைக்கிறோம். அந்தத் தாள் கொழும்புக்கோ, வெளிநாட்டுக்கோ போய் எங்களுக்காகப் பேசுகிறது.

சமூக சேவையாளராக வேலை செய்யும் இத்தனை வருடங்களில் அப்படிப்பட்ட தாள்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின், ஒரு வீட்டின், ஒரு பொருளின் தோற்றத்தைச் சொல்லும் சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களை நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது. ஆலங்குடாப் பக்கம் சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்களுக்காக நடத்தும் சிறு ஆங்கில வகுப்பில் இதையே முதற் பாடமாக வைத்தேன். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சகோதரிகளும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும், கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் சிலரும் அங்கே வருகிறார்கள். அந்த வகுப்பில் நாங்கள் பேசிக்கொண்டவற்றில் சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று கேள்விகள்

கலியாணம் பேசும்போது எங்கள் பக்கத்தில், "ஆள் எப்படி?" என்று ஒரே கேள்விதான் கேட்போம். நிறமா, உயரமா, குணமா, சுகமா என்பதெல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கேட்பவரின் குரலையும் முகத்தையும் பார்த்து, எதைக் கேட்கிறார் என்று விளங்கிக்கொள்வோம்.

ஆங்கிலத்தில் இது மூன்று கேள்வியாகப் பிரிகிறது. "வட் டஸ் ஷீ லுக் லைக்?" என்றால் அவள் பார்வைக்கு எப்படி இருப்பாள் என்று கேட்கிறார்கள். உயரம், நிறம், முகம், முடி இவற்றைச் சொன்னால் போதும். "வட் இஸ் ஷீ லைக்?" என்றால் அவள் குணம் எப்படி என்று அர்த்தம். அன்பானவளா, கோபக்காரியா, பொறுமைசாலியா என்று சொல்ல வேண்டும். "ஹவ் இஸ் ஷீ?" என்றால் சுகமாக இருக்கிறாளா என்ற விசாரிப்பு. ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் கேள்வி வேறாகிவிடும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு ராத்தா, "அப்ப எங்கட மாப்பிள்ளை வீட்டார் முதலாம் கேள்வியை மட்டுந்தானே கேக்கிறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் சிரித்துவிட்டு விடக்கூடிய விஷயமல்ல அது. இதையே மனதில் வைத்து மேலே போவோம்.

வெள்ளையும் நியாயமும்

நிறத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் "ஃபெயார்" என்று ஒரு சொல் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் அழகு என்பதுதான். பிற்காலத்தில் வெளிர் நிறம் என்ற பொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டது. நியாயமானது என்ற பொருளிலும் இதே சொல்லைத்தான் இன்றும் பாவிக்கிறார்கள். அழகு, வெள்ளை, நியாயம் மூன்றும் ஒரே சொல்லில் வந்து நிற்பதால், வெள்ளையாக இல்லாதவள் அழகும் இல்லாதவள் என்று அந்தச் சொல்லே எங்களுக்குச் சொல்லித் தருவதுபோல் இருக்கிறது.

"ஃபெயார் அன்ட் லவ்லி" என்ற பூச்சுக் கிறீமை அறியாதவர் எங்களில் இல்லை. 1975இல் இந்தியாவில் சந்தைக்கு வந்த பொருள் அது. 2020இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபிளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸாரால் கொல்லப்பட்ட பின்னர் உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்தது. அதே வருடத்தில் யூனிலீவர் கம்பனி அந்தப் பெயரிலிருந்து "ஃபெயார்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "குளோ அன்ட் லவ்லி" என்று மாற்றியது. டியூப்பில் பெயர் மாறிவிட்டது. கலியாண விளம்பரத்தில் "வெள்ளை நிற மணமகள்" என்று கேட்பது இன்னும் மாறவில்லை.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். நாங்கள் "அவ கறுப்பு" என்று சாதாரணமாகச் சொல்வதை அப்படியே ஆங்கிலமாக்கி "பிளக்" என்று சொன்னால், கேட்பவர் அதை ஓர் இனத்தின் பெயராக எடுத்துக்கொள்வார். "டாக்" என்று சொல்வதே பொருத்தம். பொதுநிறத்துக்கு "மீடியம் கொம்ப்ளெக்ஷன்" என்று சொல்லலாம்.

ஒரே உடம்பு, மூன்று சொல்

மெலிந்த ஒருத்தியை ஆங்கிலத்தில் "ஸ்லிம்" என்றால் பாராட்டு. "தின்" என்றால் பொதுவான பேச்சு. "ஸ்கின்னி" என்றால் எலும்பும் தோலும் என்ற இளக்காரம். மூன்றும் ஒரே உடம்பைத்தான் சொல்கின்றன. மாறுவது பார்ப்பவரின் மனம். ஆகவே ஒருவர் எங்களைப் பற்றி எந்தச் சொல்லை எடுக்கிறார் என்று பார்த்தால், எங்களைப் பற்றி அறிவதைவிட அவரைப் பற்றித்தான் அதிகம் அறியலாம்.

லண்டனிலிருந்து வரும் சொந்தக்காரர், "உடம்பு குறைஞ்சிருக்கே" என்று மெச்சுவது போலச் சொல்வார். அங்கே அது புகழ்ச்சி. இங்கே, முகாமில் அரிசிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்ற எங்கள் உம்மாமாருக்கு, மெலிவது என்றால் நோய் அல்லது கவலை. "மெலிஞ்சு போயிட்டீங்களே, என்ன சுகமில்லையா?" என்றுதான் கேட்பார்கள். "நல்லா உடம்பு வெச்சிருக்கிறீங்க" என்பது இங்கே சந்தோசமான பேச்சு. அதையே ஆங்கிலத்தில் "யூ ஆர் ஃபற்" என்று சொன்னால் உறவே அறுந்துவிடும்.

"ஹோம்லி" என்ற சொல்லும் அப்படித்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் கலியாணப் பேச்சில் இது குடும்பத்துக்கு ஏற்ற அடக்கமான பெண்ணைக் குறிக்கும். பிரித்தானியாவில் வீட்டின் இதமான வசதியைச் சொல்லப் பாவிப்பார்கள். அமெரிக்காவில் ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் அழகில்லாதவள் என்று அர்த்தம். "பிளேன்" என்பதையும் பாருங்கள். பால் சேராத தேநீரைப் பிளேன்டீ என்கிறோம். பூ வேலை இல்லாத துணியைப் பிளேன் துணி என்கிறோம். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணைப் "பிளேன்" என்றால் அழகு குறைந்தவள் என்ற பொருள் வந்துவிடுகிறது. துணிக்கும் தேநீருக்கும் இல்லாத தண்டனை பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். சமூகவியல் படித்த எனக்கும் அதைவிட நல்ல கேள்வி தோன்றவில்லை.

மீன் சந்தையில் ஒரு பாடம்

தோற்றத்தைப் பற்றி எங்கள் கரையோரப் பெண்களுக்கு யாரும் புதிதாகப் படிப்பிக்க வேண்டியதில்லை. மீன் வாங்கும்போது கண்ணைப் பார்க்கிறோம். கண் தெளிந்து புடைத்திருந்தால் நல்ல மீன், குழிந்து வெளிறியிருந்தால் பழையது. பூவைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். விரலால் அமத்திப் பார்க்கிறோம், மணந்து பார்க்கிறோம். கண்ணால் பார்த்தது மட்டும் போதும் என்று யாரும் காசை எண்ணிக் கொடுப்பதில்லை.

இவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் உண்டு. கண்ணுக்குத் தெரிவது "லுக்ஸ்", மூக்குக்குத் தெரிவது "ஸ்மெல்ஸ்", கைக்குத் தெரிவது "ஃபீல்ஸ்", நாக்குக்குத் தெரிவது "டேஸ்ட்ஸ்", காதுக்குத் தெரிவது "சவுண்ட்ஸ்". "இட் லுக்ஸ் ஃபிரெஷ்" என்றால் பார்வைக்குப் புதிதுபோல் இருக்கிறது என்றுதான் அர்த்தம். புதிது என்று அது உறுதி சொல்லவில்லை. உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் "இட் இஸ் ஃபிரெஷ்" என்று வர வேண்டும்.

இந்த "லுக்ஸ்" என்ற சொல்லுக்கும் "இஸ்" என்ற சொல்லுக்கும் இடையில்தான் எங்கள் வாழ்க்கையின் பல பிரச்சினைகள் இருக்கின்றன. "லுக்ஸ்" என்பது கண்ணால் கண்டதைச் சொல்வது. "சீம்ஸ்" என்பது கண்டதையும் கேட்டதையும் சேர்த்து மனதுக்குப் பட்டதைச் சொல்வது. "அப்பியர்ஸ்" என்பதும் ஏறத்தாழ அதுதான், ரிப்போட்டிலும் பொலிஸ் பதிவிலும் எழுதும் கனமான சொல். மூன்றுமே சந்தேகத்துக்கு இடம் வைக்கும் சொற்கள். ஆனால் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டு, முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு விதவைத் தாய், உதவிப் பட்டியல் ஒன்றில் இடம் கிடைக்காமல் போனார். வீட்டைப் பார்க்க வந்தவர் சீமெந்துச் சுவரையும் ஓட்டையும் கண்டு, வசதியுள்ள வீடாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார். அந்தச் சுவர் எந்தக் கடனில் எழும்பியது, அந்தக் கடன் இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, அடுப்பில் அன்றைக்கு என்ன இருந்தது என்பவை கண்ணுக்குத் தெரியவில்லை. மீனுக்குப் பார்க்கும் அளவுக்காவது மனிதரைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா?

தோற்றத்தை வைத்து முடிவெடுப்பதால் எவ்வளவு பெரிய அழிவு வரும் என்பதை எங்கள் மாவட்டமே அனுபவித்திருக்கிறது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்களில், மே 12ஆம் திகதி, சிலாபம் நகரில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் எழுதிய ஆங்கில வரி ஒன்று பிரச்சினையானது. அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பதுதான் அதன் கருத்து. உள்ளூர் மக்களில் சிலருக்கு அது மிரட்டல்போல் தோன்றியது. கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும் கல் வீசப்பட்டு, ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. மறுநாள் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களிலும், கம்பஹா மாவட்டத்தின் மினுவாங்கொடையிலும் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. எங்கள் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத் தலைவர் கொல்லப்பட்டார். அந்தக் காலத்தில் முகம் மூடும் உடைக்குத் தடை வந்ததும், தலைமூடிய பெண் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து ஆசனம் காலியானதும் எங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். "தோன்றியது" என்பதற்கும் "இருந்தது" என்பதற்கும் இடையில் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் எத்தனை வீடுகள் தப்பியிருக்கும்!

அகதி போல் தெரியவில்லை

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்கு இரண்டு வயது. 70,000க்கும் அதிகமான மக்கள் ஒரு சில நாட்களுக்குள் பிறந்த மண்ணை விட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். உம்மாவின் இடுப்பில் நானும் வந்தேன் என்று சொல்வார்கள். எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. "அகதி" என்ற பெயர்தான் ஞாபகத்தில் இருக்கிறது. ஸ்கூலில், கடையில், கிணற்றடியில் எல்லாம் அந்தப் பெயர் எங்களோடு வந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள். நாட்டின் எல்லையைத் தாண்டிப் போனவர் "ரெஃபியூஜி". 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் அவர்களுக்கானது. சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர் "ஐ.டீ.பி.". அவர்களுக்காக 1998இல் ஐக்கிய நாடுகள் சபையில் வழிகாட்டிக் கோட்பாடுகள் முன்வைக்கப்பட்டன. தமிழில் நாங்கள் இருவரையும் "அகதி" என்றே சொல்லிவிட்டோம்.

சொல் எதுவானாலும், அதற்கு ஒரு தோற்றத்தையும் ஆட்கள் முடிவு செய்து வைத்திருந்தார்கள். கிழிந்த உடுப்பு, எண்ணெய் காணாத தலை, கையில் ஒரு பிள்ளை, முகத்தில் கண்ணீர். பெருநாளுக்கு ஒரு நல்ல சாரி உடுத்துக்கொண்டு போன எங்கள் மாமியிடம், வெளியிலிருந்து வந்த ஒருவர், "யூ டோன்ட் லுக் லைக் எ ரெஃபியூஜி" என்றாராம். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். மாமிக்கு அதன் பிறகு கூப்பன் வரிசைக்கு நல்ல சாரியோடு போகப் பயம். உதவி கிடைக்க வேண்டுமென்றால் பாவமாகத் தெரிய வேண்டும், மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் பாவமாகத் தெரியக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் பெண்கள் உடுப்பை மாற்றி மாற்றி உடுத்த காலம் அது.

ஆங்கிலத்தில் ஒரு பொருளை வருணிக்கும்போது சொற்கள் வரும் ஒழுங்கையும் கவனிக்கலாம். அபிப்பிராயம் முதலில் வரும், பிறகு அளவு, பிறகு உருவம், பிறகு நிறம், கடைசியில் எதனால் செய்தது என்பது. எங்கள் பெண்கள் பனையோலையில் இழைக்கும் பெட்டியைக் கற்பிட்டிக்கு வரும் வெள்ளைக்காரர் "நைஸ் லிட்டில் ரவுண்ட் ரெட் பொக்ஸ்" என்பார். அழகு என்ற அவருடைய அபிப்பிராயம் முதலில், மற்ற உண்மைகள் பின்னால். பெட்டி விற்க இந்த ஒழுங்கு நல்லது. ஆனால் மனிதரைப் பற்றி எழுதும்போதும் அதுவே நடக்கிறது. "புவர்", "ஹெல்ப்லெஸ்" என்ற அபிப்பிராயங்கள் முன்னால் போய் நின்றுவிடுகின்றன. மூன்று பிள்ளைகளை வளர்த்தவள், கருவாடு காய வைத்து வியாபாரம் செய்பவள், சங்கத்தின் கணக்கை வைத்திருப்பவள் என்ற உண்மைகள் பின்னால் எங்கேயோ தங்கிவிடுகின்றன.

"இருந்தான் எண்டு எழுத வேணாம்"

இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். வாசிக்கும் சகோதரிகளில் பலருடைய வீட்டில் ஒருவர் காணாமற்போயிருப்பார். முஸ்லிம் வீடாக இருக்கலாம், தமிழ் வீடாக இருக்கலாம். தேடுவது என்றால் அவரது தோற்றத்தை எழுத வேண்டும். உயரம், உடல்வாகு, நிறம், மச்சம், தழும்பு, பல், முன்பு எப்போதாவது எலும்பு முறிந்ததா, கடைசியாகக் கண்டபோது என்ன உடுத்திருந்தார் என்றெல்லாம் கேட்பார்கள்.

ஒரு தாய் தன் மகனைப் பற்றி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வந்தார். உயர்தரம் முடித்த ஒரு தங்கைதான் எழுதினாள். தாய் சொல்லச் சொல்ல "ஹீ வொஸ் டோல்" என்று தொடங்கினாள். எழுதி முடித்ததும், வாசித்துக் காட்டித் தமிழிலும் சொன்னாள். "அவர் உயரமாக இருந்தார்" என்று அவள் சொன்னதும் தாய் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகள், இருந்தான் எண்டு எழுத வேணாம். என்ட புள்ளை உயரம். அப்படியே எழுதுங்க."

அந்தத் தங்கை செய்ததில் தப்பு எதுவும் இல்லை. ஆங்கில வசனம் அப்படித்தான் கேட்கிறது. தமிழில் "என் பிள்ளை உயரம், பொதுநிறம், வலது புருவத்தில் தழும்பு" என்று சொன்னால் வசனம் முடிந்துவிடும். இருக்கிறாரா, இருந்தாரா என்று எங்கள் மொழி கேட்காது. ஆங்கிலத்தில் அப்படி நிறுத்த முடியாது. "இஸ்" அல்லது "வொஸ்", இரண்டில் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். "வொஸ்" என்று போட்டால், ஒரு தாய் இத்தனை வருடமும் சொல்ல மறுத்ததை அந்தக் கடிதம் சொல்லிவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கடைசியாகக் கண்ட அன்று நடந்ததையும் உடுத்திருந்ததையும் "வொஸ்" போட்டு எழுதலாம். அது அந்த நாளின் செய்தி. "ஹீ வொஸ் வெயாரிங் எ புளூ சாரம்" என்றால் அன்று நீலச் சாரம் உடுத்திருந்தார் என்பது மட்டுமே. ஆனால் அவரது உயரம், தழும்பு, கண், காது இவற்றை "இஸ்", "ஹாஸ்" போட்டு எழுதலாம். "ஹீ இஸ் டோல். ஹீ ஹாஸ் எ ஸ்கார்." இலக்கணத்திலும் இது சரி, மனதுக்கும் சரி. அந்தக் கடிதத்தையும் இப்படியே மாற்றி எழுதினோம்.

மச்சத்துக்கு "மோல்", பிறந்தபோதே உள்ள அடையாளத்துக்கு "பர்த் மார்க்", உடல்வாகுக்கு "பில்ட்" என்று சொல்ல வேண்டும். "வடிவான பிள்ளை" என்று எந்தத் தாயும் முதலில் சொல்வாள். ஆனால் தேடுபவருக்கு அது உதவாது. "இடது காதுக்குக் கீழே மச்சம்" என்பது உதவும். ஆகவே அளக்கக் கூடியதையும் சுட்டிக் காட்டக் கூடியதையும் எழுதுங்கள்.

நாட்டின் சட்டத்திலும் இந்த "இருக்கிறார்", "இருந்தார்" பிரச்சினை வந்திருக்கிறது. நீண்ட காலமாக, காணாமற்போனவரின் மனைவி பென்சனுக்கோ காணிக்கோ அலுவல் பார்க்கப் போனால், மரணச் சான்றிதழ் எடுத்து வாருங்கள் என்பார்கள். பல பெண்கள் அதை எடுக்க மறுத்தார்கள். 2016இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லாமல், காணக் கிடைக்கவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற இடம் கிடைத்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் அதே வருடத்தில் நிறைவேறியது. அதன் ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். சான்றிதழால் பிள்ளை திரும்பி வரப்போவதில்லை. ஆனாலும், "வொஸ்" என்று எழுதும்படி ஒரு தாயைக் கட்டாயப்படுத்தாத ஒரு தாள் இருப்பது சிறிய விஷயமல்ல.

அந்தத் தாய் கடிதம் முடிந்த பிறகும் எழும்பவில்லை. மகன் இரவில் அவருக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பதையும், தங்கையின் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவதையும் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் முதலில் சொன்ன இரண்டாம் கேள்விக்கான பதில் அது. எந்த ஃபோமிலும் அதற்கு இடம் விட்டிருப்பதில்லை. அதைக் கேட்பது எங்களைப் போன்ற சமூக சேவையாளர்களின் வேலை. நேரம் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும்.

பார்வைக்கு நல்லம், ஆனால்...

இன்னொரு தேவையான விஷயம் டொக்டரிடம் பேசுவது. "யூ லுக் பேல்" என்று டொக்டர் சொன்னால் வெளிறிப்போய் இருக்கிறீர்கள் என்று பொருள். இரத்தம் குறைந்திருக்கலாம். கறுப்பு, பொதுநிறமான முகத்தில் வெளிறல் இலேசாகத் தெரியாது. அதனால்தான் கீழ் இமையை இழுத்தும், நாக்கையும் உள்ளங்கையையும் பார்த்தும் சோதிக்கிறார்கள். வீட்டில் உங்கள் மகளுக்கும் அப்படிப் பார்க்கலாம்.

ஆனால் எந்த இமையை இழுத்தாலும் தெரியாத நோய்களும் உண்டு. யுத்தத்தைக் கண்ட பெண்கள் பலர் பார்வைக்கு அமைதியாக இருப்பார்கள். சமைப்பார்கள், சிரிப்பார்கள், கூட்டத்துக்கு நேரத்துக்கு வருவார்கள். இரவில் நித்திரை இல்லை. கதவு அடிபட்டால் நெஞ்சு பதறும். அவர்களைப் பற்றி ரிப்போட்டில் "ஷீ அப்பியர்ஸ் நோர்மல்" என்று ஒரு வரி வந்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் அவர்களிடம் எதுவும் கேட்பதில்லை.

அதற்காக வகுப்பில் எல்லோரும் மனப்பாடம் செய்த ஒரு வசனம் இருக்கிறது. "ஐ லுக் ஃபைன், பட் ஐ டோன்ட் ஃபீல் ஃபைன்." பார்வைக்கு நல்லாத்தான் இருக்கிறேன், ஆனால் எனக்கு நல்லா இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மாமி இதைப் பிழையில்லாமல் சொல்லிப் பழகிவிட்டு, "இதைத் தமிழிலயும் இதுவரைக்கும் நான் ஆருக்கும் சொன்னதில்லை மகள்" என்றார்.

சகோதரிகளே, ஆங்கிலம் தெரியாதது வெட்கமல்ல. எங்கள் நாட்டில் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் ஓர் அரச கரும மொழி. எந்த அரச அலுவலகத்திலும் தமிழில் ஃபோம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள் என்றால், கையெழுத்து வைப்பதற்கு முன் "என்னைப் பற்றி என்ன எழுதினீங்க? ஒருக்கா தமிழில் சொல்லுங்க" என்று கேளுங்கள். "லுக்ஸ்" என்று எழுதியிருந்தால், பார்த்தது அவ்வளவுதானா என்று கேளுங்கள். "வொஸ்" என்று எழுதியிருந்தால், "இஸ்" என்று மாற்றச் சொல்லுங்கள். உங்களைப் பற்றிய வசனத்தைத் திருத்தும்படி கேட்பது மரியாதைக் குறைவல்ல.

உங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வருபவர்களிடமும், நீங்கள் பெண் பார்க்கப் போகும் வீட்டிலும், "ஆள் எப்படி?" என்ற அந்தப் பழைய கேள்வியை முழுவதுமாகக் கேளுங்கள். நிறத்தைக் கேட்டதோடு நிறுத்திவிடாமல், குணம் எப்படி, சுகமாக இருக்கிறாளா என்றும் கேளுங்கள்.